நாலு ஊர் நீளப் படகு

கத்திரி வெயில் தொடங்கிய அன்று உப்புக் கால்வாயில் அஞ்சப்பனின் படகு ஒரு சாண் நீண்டது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அந்த வெயிலில் நீளாதது என்று எதுவுமே இல்லை. பகல் நீண்டது, நாய்களின் நாக்கு நீண்டது, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் நேரம் நீண்டது, டவுன் ஸ்டேஷனில் இரும்புத் தண்டவாளமே நீளுகிறது என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள், அப்படியிருக்க வெறும் பலகை நீண்டதற்கு என்ன செய்ய முடியும் என்று அவரவர் விசிறியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

அது குறுகலான படகு. கால்வாயும் குறுகல்தான், எதிரே இன்னொரு படகு வந்தால் இரண்டில் ஒன்று கரையோரம் ஒட்டிக்கொண்டு மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். தலைப்பக்கம் அஞ்சப்பன் நின்று கழியை ஊன்றித் தள்ளுவார், வால்பக்கம் அவர் மனைவி பவுனம்மாள் உட்கார்ந்து சுக்கான் பிடிப்பாள், நடுவில் உப்பு மூட்டைகளும் மூட்டைகளின் மேல் குடை பிடித்துக்கொண்டு பிரயாணம் போகும் ஜனங்களும் இருப்பார்கள். படகு ஓட்ட அங்கே இரண்டே சொற்கள்தான். முன்னாலிருந்து அவர் "பிடி" என்று குரல் கொடுத்தால் அவள் சுக்கானை இறுக்கிக்கொண்டு "பிடிச்சேன்" என்பாள். "விடு" என்றால் தளர்த்திவிட்டு "விட்டேன்" என்பாள். வால்பக்கத்திலிருந்து பதில் வராமல் தலைப்பக்கத்துக்காரர் கழியை ஊன்றக் கூடாது என்பது கால்வாயில் எல்லோரும் காப்பாற்றி வந்த வழக்கம். தாலி கட்டிய நாளிலிருந்து இந்த இரண்டு சொற்களை வைத்தே அவர்கள் குடும்பம் நடத்தி வந்ததாக எங்கள் கண்ணாடித்தோப்பில் பேசிக்கொள்வோம். பேச்சில் பாதி கேலி, பாதி பொறாமை.

அன்று படகு பனையடியில் உப்பு ஏற்றிக்கொண்டு நின்றது. பனையடி பவுனம்மாள் பிறந்த ஊர். அவளுடைய அண்ணன் தெய்வசிகாமணி தங்கைக்காக நுங்கு வெட்டிக் கொண்டுவந்திருந்தார், அதைத் தின்றுகொண்டே பிரயாணிகளில் ஒருவர், பவுனு கை பட்டால் இந்தப் படகு பாம்பு மாதிரி வளைகிறது என்று நல்லெண்ணத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அஞ்சப்பனுக்கு உச்சியில் வெயில். காலையிலிருந்து தோள் கழன்று போகிற மாதிரி தள்ளுகிறவர் அவர். "சுக்கான் என்ன பெரிய சுக்கான். அங்க ஒரு உப்பு மூட்டையைத் தூக்கி வச்சாலும் படகு போகும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். தெய்வசிகாமணிகூட நுங்கு வாயில் இருந்ததால் பாதி சிரித்துவிட்டு அப்புறம்தான் நிறுத்தினார். பவுனம்மாள் சிரிக்கவில்லை.

பிறகு அஞ்சப்பன் "விடு" என்றார். பதில் வரவில்லை. இன்னொரு தடவை சொன்னார். பவுனம்மாள் கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு வெள்ளாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜனங்களெல்லாம் தன்னையே பார்ப்பது தெரிந்ததும் அஞ்சப்பன் வழக்கத்தை மீறி, பதிலுக்குக் காத்திராமல், கழியை ஊன்றித் தள்ளினார். தலைப்பக்கம் போயிற்று. வால்பக்கம் போகவில்லை.

அந்த முதல் தள்ளலில்தான் ஒரு சாண். அப்புறம் அவர் திரும்பிப் பார்க்காமல் தள்ளத் தள்ள படகும் வளர்ந்துகொண்டே போயிற்று, வீம்பில் தள்ளுகிறவருக்குக் களைப்பு தெரியாது என்பதால் அளத்துமேட்டைத் தாண்டி, உப்புப் பாத்திகளைத் தாண்டி, எங்கள் கண்ணாடித்தோப்பின் புங்க மர நிழலைத் தாண்டி, கடைசியில் மதகடியில் மதகுக்கதவை முட்டிக்கொண்டு நின்றது. நடுவில் உட்கார்ந்திருந்தவர்கள் பாதி வழிதான் வந்திருந்தார்கள். அவர்கள் போக வேண்டிய இடமும் அதுதான் என்பதால் நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். மதகடியில் அஞ்சப்பனின் அக்காள் நாகரத்தினம் குடியிருந்தாள். தம்பியைப் பார்த்ததும் அவள், பவுனு எங்கே என்று கேட்டாள். படகில்தான் இருக்கிறாள் என்றார் அஞ்சப்பன். அதில் பொய் எதுவும் இல்லை. ஒரே படகில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவள் இன்னும் புறப்படவே இல்லை.

இரண்டு நாள் எல்லோரும் கரையில் நின்று பார்த்தார்கள். அப்புறம் அளத்துமேட்டுப் பெண் ஒருத்தி, கொதிக்கிற மணலில் கால் வைக்க முடியாமல், படகின் பலகை மேல் ஏறி நடந்து எங்கள் ஊருக்குத் தயிர் விற்க வந்தாள். பலகைக்கு அடியில் தண்ணீர் இருந்ததால் பாதத்துக்கு இதமாக இருந்ததாம். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து படகு எங்கள் எல்லோருக்கும் தெருவாகிவிட்டது. போகிறவர்கள் வலது ஓரம், வருகிறவர்கள் இடது ஓரம் என்று பஞ்சாயத்து பிரசிடெண்ட் அறிவித்தார். அவரே இரண்டு ஓரத்துக்கும் நடுவில் நடந்தார். பெண்கள் வேட்டியை விரித்து வடகம் பிழிந்தார்கள், உட்கார்ந்து காக்கை ஓட்டினார்கள், காக்கை ஓட்டிக்கொண்டே அடுத்த ஊர்ப் பெண்ணின் வடகத்தில் உப்பு தூக்கல் என்று கண்டுபிடித்தார்கள். மஸ்தான் பாய் தன்னுடைய சர்பத் கடையைப் புங்க மரத்தடியிலிருந்து பெயர்த்துப் படகின் நடுவில் வைத்து மேலே கீற்றுப் போட்டார். அங்கே எலுமிச்சை பிழிகிற சத்தத்துக்கிடையே இரண்டு கல்யாணப் பேச்சு தொடங்கியது. டவுனிலிருந்து ஒரு சர்வேயர் வந்து, இது படகா பாலமா என்று கேட்டார். படகு என்றால் ஓர் ஆபீஸ், பாலம் என்றால் வேறு ஆபீஸ் என்றார். மஸ்தான் பாய் அவருக்கு நன்னாரி சர்பத் கொடுத்தார். குடித்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் முடிவு செய்கிறேன் என்றவர் வெயில் தாழ்ந்ததும் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்.

படகு ஏன் நீண்டது என்பதைப் பற்றி எங்களுக்குள் சந்தேகமே இருக்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளவில்லை, அதனால் நீண்டிருக்கிறது. பேசிவிட்டால் சுருங்கிவிடும். இது புரிந்துபோன அன்றுதான் எங்கள் நாலு ஊர்களின் மனசும் கொஞ்சம் கோணலாயிற்று என்று நினைக்கிறேன். பாவம், இரண்டு பேரும் சேரட்டும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், ஆனால் அவசரமில்லை என்பதையும் முகத்தால் சொன்னார்கள். வடகம் இன்னும் காயவில்லை. கல்யாணப் பேச்சு இன்னும் முடியவில்லை. மழை வந்து மணல் குளிர்ந்த பிறகு சேர்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மதகடியில் நாகரத்தினம் தம்பிக்கு இரண்டு வேளையும் மீன் குழம்பு வைத்துப் போட்டு, வராதவளை நினைத்து நீ ஏன் இளைக்கிறாய் என்று கேட்டாள். அஞ்சப்பனோ நாளுக்கு நாள் பருத்துக்கொண்டிருந்தார். பனையடியில் தெய்வசிகாமணி தினமும் காலையில் மாட்டுவண்டியைப் பூட்டிக்கொண்டு கரைக்கு வந்து, பெட்டியைத் தூக்கிப் போடு தாயி, வீட்டுக்குப் போகலாம் என்று கூப்பிட்டார். பவுனம்மாள் நாளைக்கு என்பாள். சுக்கானை விட்டுக் கையை எடுக்காமலேயே சொல்வாள்.

அதற்கு மேல் பொறுக்க முடியாமல் போனது அஞ்சப்பனுக்குத்தான். பேசப் பழகாதவர். காலையெல்லாம் யோசித்து ஒரு வாக்கியம் செய்தார், பூக்காரி செண்பகத்தைக் கூப்பிட்டு, "அந்தப் பேச்சை விட்டுடச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினார்.

நாலு ஊர் தாண்டிப் போவது தமிழில் ஒரு வினைச்சொல்லுக்குச் சாதாரண காரியமில்லை. செண்பகம் தலையில் பூக்கூடையோடு, உச்சி வெயிலில், எங்கள் ஊர் வரை வந்து சர்பத் கடையில் உட்கார்ந்தாள். 'அந்தப் பேச்சை' என்பதை அவள் அங்கேயே இறக்கி வைத்துவிட்டாள். எந்தப் பேச்சு என்பது ஊருக்கே தெரியும், அதை எதற்கு வேலை மெனக்கெட்டுத் தூக்கிக்கொண்டு அலைவது. விட்டுடச் சொல்கிறார் என்று மட்டும் மஸ்தான் பாயிடம் சொன்னாள். பாய் ஐஸ் செதுக்குகிற சத்தத்துக்கு மேல் குரல் எழுப்பி அதை வளையல்காரரிடம் சொன்னார், வளையல்காரர் காதில் பாதி ஐஸ் விழுந்தது, விட்டுடறேன் என்கிறார் என்று அவர் அளத்துமேட்டில் தயிர்க்காரியிடம் சொன்னார். தயிர்க்காரி நல்லவள், ஆனால் எதையும் முடித்துச் சொல்லிப் பழகியவள். அவள் பனையடிக்குப் போய் பவுனம்மாள் எதிரில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, ஒன்னை விட்டுட்டாராம்" என்றாள்.

யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு விகுதி, அவ்வளவுதான்.

என்ன சொல்லட்டும் என்று தயிர்க்காரி கேட்டாள். இத்தனை வருஷமாக அந்தச் சொல் தலைப்பக்கத்திலிருந்து வரும்போதெல்லாம் எந்தப் பதில் சொல்லிப் பழகியதோ அதுவே பவுனம்மாள் வாயில் வந்தது.

"விட்டேன்."

இந்த முறை செய்தி சேதமில்லாமல் போயிற்று. ஒற்றைச் சொல்லில் என்ன கூட்டுவது, எதைக் கழிப்பது. தயிர்க்காரி, வளையல்காரர், பாய், செண்பகம் என்று கை மாறி மாறி, பனையடியில் புறப்பட்டபடியே மதகடியில் போய் இறங்கியது. அஞ்சப்பன் அதைக் கேட்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார், துண்டை எடுத்தபோது முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அது கால்வாய்ப் பதில். விடு என்றால் விட்டேன். பேச்சை விட்டுவிட்டாள், சமாதானம் ஆகிவிட்டாள். நாகரத்தினம் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள், அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றைக்கும் படகு கொஞ்சம் நீண்டது, மதகுக்கதவு முனகியது. இதென்ன, சேர்ந்த பிறகும் நீளுகிறதே என்று பிரசிடெண்ட் கேட்டதற்கு, பலகைக்கு விஷயம் போய்ச் சேர நேரமாகும் என்று அஞ்சப்பன் விளக்கம் சொன்னார்.

மறுநாள் காலையில் பனையடியில் தெய்வசிகாமணி வண்டியோடு வந்தபோது பவுனம்மாள் தகரப்பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். அவர் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தார். அவளுடைய பாய், குழம்புச் சட்டி, கண்ணாடி எல்லாவற்றையும் வைத்தார். இனி அவள் ஒரு காலை எடுத்துக் கரையில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. எங்கள் பக்கத்தில் அப்படிப் பெட்டியோடு அண்ணன் வண்டியில் ஏறியவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளும் வழக்கம் இல்லை, அவளாகத் திரும்பி வரும் வழக்கமும் இல்லை. பவுனம்மாள் காலைத் தூக்கினாள். தூக்கிய காலை அப்படியே வைத்துக்கொண்டு கொக்கு மாதிரி நின்றாள்.

"அண்ணே, அவர் வாயால ஒரு தடவை கேட்டுட்டு வந்துடறேன்."

"நாலு ஊரு நடக்கணும் தாயி. வெயில் மண்டையைப் பொளக்குது."

"படகுலதானே நடக்கப் போறேன். நீ கொஞ்சம் இதைப் பிடி."

தெய்வசிகாமணிக்கு நிலத்தில் எதுவும் பயமில்லை, தண்ணீர் என்றால் செம்பில் இருப்பதைத் தவிர மற்றதெல்லாம் பயம். தங்கை சுக்கானை அவர் கையில் திணித்துவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

பவுனம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள். அளத்துமேட்டில் தயிர்க்காரி அவளைப் பார்த்ததும் பானையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, எங்கே அக்கா என்றாள். விட்டுட்டேன்னு என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும், அதற்குத்தான் போகிறேன் என்றாள் பவுனம்மாள். தயிர்க்காரிக்கு முகம் வெளுத்தது. விட்டுடறேன்னு சொல்றார் என்றுதான் வளையல்காரர் சொன்னார், சொன்னால் விட்ட மாதிரிதானே என்று நானாக முடித்துவிட்டேன் என்றாள், சொல்லிவிட்டுக் கூடவே நடந்தாள். வளையல்காரர் பெட்டியை மூடிவிட்டு, சத்தியமாக பாய் சொன்னது அப்படித்தான் காதில் விழுந்தது என்று கூடவே வந்தார். சர்பத் கடையில் மஸ்தான் பாய் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் 'விட்டுடச் சொல்றார்'னுதானேம்மா சொன்னேன்" என்று பரிதாபமாகக் கேட்டார். செண்பகம் வழியிலேயே எதிர்ப்பட்டாள். அந்தப் பேச்சை என்று முன்னால் ஒரு சொல் இருந்தது, கனமாக இருந்ததால் இறக்கி வைத்தேன் என்று ஒப்புக்கொண்டாள்.

அப்படியாகக் கண்ணாடித்தோப்பைத் தாண்டுவதற்குள் பவுனம்மாளுக்கு அவள் புருஷனின் முழு வாக்கியமும் திரும்பக் கிடைத்துவிட்டது. பின்னால் நடந்த நாங்கள் எல்லோரும், அப்பாடா, இனி அவள் சிரித்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்வாள் என்று நினைத்தோம். அவள் நின்றாள். அந்த வாக்கியத்தை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பது உதட்டில் தெரிந்தது.

"பேசினது அவரு. விட வேண்டியது நானா?" என்றாள்.

அதற்கப்புறம் முன்னைவிட வேகமாக நடந்தாள். துக்கத்தில் நடந்தவளோடு கூட நடக்க முடிந்தது, கோபத்தில் நடந்தவளைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது. வடகம் காய வைத்தவர்கள் ஓடினார்கள், கல்யாணம் பேச வந்தவர்கள் பேச்சை நிறுத்தாமலே ஓடினார்கள், வெள்ளாடுகள் எதற்கென்று தெரியாமல் ஓடின. படகு முழுக்க ஒரே தட தடவென்று சத்தம். பிரசிடெண்ட் வலது ஓரம், வலது ஓரம் என்று கத்திக்கொண்டே நடுவில் ஓடினார்.

மதகடியில் அஞ்சப்பன் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இன்றைக்குச் சுருங்கும், நாளைக்குச் சுருங்கும் என்று கால்வாயைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். திரும்பினார். எதிரே பவுனம்மாள், வியர்த்து வழிந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. அவள் பின்னால் மூன்று ஊர். வழி நெடுகக் கோத்துக்கொண்டு வந்த கேள்வியை அவள் கேட்பதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் அஞ்சப்பன் அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் வெகு தூரத்தில் கண்ணுக்குத் தெரியாத வால்பக்கத்தை எட்டிப் பார்த்து, அலறாத குறையாகக் கேட்டார்.

"ஏ புள்ள, நீ இங்க வந்துட்டா சுக்கானை யாரு பிடிச்சிருக்கா?"

பவுனம்மாள் கேட்க வந்ததை மறந்துபோனாள்.

"எங்கண்ணன்."

"ஒங்கண்ணனா? அய்யோ, அவருக்கு இடக்கை எது வலக்கை எதுன்னு தெரியுமா? படகு என்னத்துக்கு ஆவறது?"

"ஏன், உப்பு மூட்டைக்கு எங்கண்ணன் தேவலாம்ல?"

அஞ்சப்பன் அவளைப் பார்த்தார். நாலு ஊரும் அவரைப் பார்த்தது. தான் என்ன கேட்டோம் என்பது அவருக்கே அப்போதுதான் காதில் விழுந்தது போலிருக்கிறது, காது மடலிலிருந்து கழுத்து வரை சிவந்தது. "நான் சொன்னது தப்புதான்" என்றார், ரொம்பச் சின்னக் குரலில். பின்வரிசையில் இருந்தவர்கள் என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று கேட்டார்கள், இந்தத் தடவை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

பவுனம்மாள் சிரித்தாள். முதலில் முந்தானைக்குள், அப்புறம் முந்தானை போதாமல் வெளியே.

அப்போதுதான் பலகை ஒரு பெருமூச்சு விட்டது. பனையடியில் கண்ணை மூடிக்கொண்டு சுக்கானைக் கட்டியிருந்த தெய்வசிகாமணி, முகத்தில் காற்று அடிக்கவே ஒரு கண்ணைத் திறந்தார், அவருடைய வண்டியும் மாடும் தங்கையின் தகரப்பெட்டியும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. பனைமரங்கள் போயின, அளத்துமேடு போயிற்று, உப்புப் பாத்திகள் பளிச் பளிச்சென்று போயின, புங்க மரம் ஒரு கிளையால் அவர் தலையைத் தடவிவிட்டுப் போயிற்று. படகு திரைச்சீலையை ஒதுக்குவதுபோல மடிப்பு மடிப்பாக மதகடிப் பக்கமாகக் கூடிக்கொண்டு வந்தது. வடக வேட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின, யாருடைய வடகத்தில் உப்பு தூக்கல் என்பது அதோடு தீர்க்க முடியாமலே போயிற்று. சர்பத் கடை ஜாடிகள் குலுங்க நகர்ந்து வளையல் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. கல்யாணம் பேசிய இரண்டு வீட்டார் மூக்கும் மூக்கும் இடிக்கிற அளவுக்கு நெருங்கியதில், இனிமேல் வேண்டாம் என்று சொல்ல வழியில்லாமல் இரண்டுமே முடிவாகிவிட்டன. கடைசியில் மதகடியில், பழைய நீளத்தில், பழைய அகலத்தில், ஒரு குறுகலான படகில், மூன்று ஊர் ஜனமும் ஆடுகளும் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு நின்றோம். யாரும் தண்ணீரில் விழவில்லை, விழுவதற்கு இடமில்லை.

முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏற்பாடு செய்திருக்கலாம் என்று பிரசிடெண்ட் யாரோ ஒருவருடைய அக்குளுக்கடியிலிருந்து சொன்னார்.

இனி எங்களை எல்லாம் அவரவர் ஊரில் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். படகைத் திருப்பி நிறுத்தினார்கள். தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கத்துக்குப் பத்து எட்டுகூட இல்லாத தூரம், ஆனால் எங்களையெல்லாம் விலக்கிக்கொண்டு, குனிந்து நுழைந்து, ஓர் ஆட்டைத் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் பவுனம்மாளுக்கு நாலு ஊர் நடந்ததைவிட அதிக நேரமாயிற்று. தெய்வசிகாமணி சுக்கானை விடமாட்டேன் என்றார். அவள் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

அஞ்சப்பன் கழியைத் தூக்கினார். வழக்கமாகக் கொடுக்கிற குரலுக்காக வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். கொஞ்சம் தொண்டையைச் செருமினார்.

"போகலாமா?"

கால்வாயில் அதுவரை யாரும் கேட்டிராத சொல் அது. அதற்கு இன்னதுதான் பதில் என்று வழக்கம் எதுவும் இல்லை. நாங்கள் அத்தனை பேரும் கழுத்தை மட்டும் திருப்பி, ஏனென்றால் வேறெதையும் திருப்ப முடியாது, வால்பக்கம் பார்த்தோம்.

"இருங்க," என்றாள் பவுனம்மாள். "தண்ணி குடிச்சிட்டுச் சொல்றேன்."

மஸ்தான் பாய் தலைகளுக்கு மேலே கை மாற்றி மாற்றி ஒரு செம்பு அனுப்பினார். அவள் அதை வாங்கிக் கொஞ்சம் கையில் ஊற்றி முகத்தைக் கழுவிக்கொண்டாள், பிறகு அண்ணாந்து, ஒரு சொட்டு சிந்தாமல், அவசரமே இல்லாமல் குடித்தாள். உச்சி வெயில். மூன்று ஊரும் நின்றது. தண்ணீர் அவள் தொண்டையில் மடக் மடக்கென்று இறங்குகிற சத்தம் தலைப்பக்கம் வரை கேட்டது, அங்கே அஞ்சப்பன் கழியை ஊன்றாமல் தூக்கிப் பிடித்தபடியே காத்துக்கொண்டிருந்தார்.